சரவாங்கியும் மரபணுவும்

நாய்க்குப் பேர்போன கோம்பையில், குட்டி வாங்க வருவோர் முதலில் விசாரிப்பது தாய் நாயைத்தான். செம்மை நிறமும் கருத்த முகமும் குட்டிக்கும் வாய்க்கும் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதையே மனிதரின் நோய்க்கும் போட்டுப் பார்ப்பதுதான் தொல்லை. தாய்க்குச் சரவாங்கி என்று அறிந்ததும், மகளைப் பெண் கேட்டு வந்தோர் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வது நம் பக்கம் நடப்பதே.

முடக்குவாதம் என்றும் வழங்கும் இந்நோய், மூப்பினால் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. நோய்க்கிருமியோடு பொர வேண்டிய உடலின் காவற்படை, தன் வீட்டையே பகைவீடு எனக் கருதி மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் விளைவது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது.

‘இது நம்முடையது, இது அயலானது’ என்று காவற்படைக்குக் காட்டிக்கொடுப்பவை எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள். அவற்றை ஆக்கும் மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் உள்ளன. ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவன. அவற்றுள் டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் இந்நோயாளிகளிடம் மிகுந்து காணப்பட்டன. பெயரால் வேறான அவ்வடிவங்கள், ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வகைச் சிறு தொடரைப் பொதுவாகப் பெற்றிருப்பதை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் கிரெகர்சனும் உடனாய்வாளரும் 1987இல் எடுத்துக்காட்டினர்.

அங்ஙனமாயின் நோய் விதிக்கப்பட்டதுதானோ என்னும் வினா எழும். ஒரே மரபணுத் தொகுதியுடன் பிறந்த ஒத்த இரட்டையரை நோக்குக. ஒருவருக்கு இந்நோய் இருப்பின் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 இணைகளில்தான் எனப் பிரிட்டனில் செய்த ஆய்வு கண்டது. இரட்டையரிடமே இவ்வளவுதான் என்றால், மகளைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் யார்? மரபணு நிலத்தைப் பண்படுத்துகிறது. வித்து வேறிடத்திலிருந்தும் வரவேண்டும். அவ்வித்துகளுள் ஒன்று புகையிலைப் புகை. மேற்சொன்ன தொடரைத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பெற்றுப் புகையும் பிடிப்போருக்கு, இரண்டும் இல்லாதோரைவிட நோயின் ஒரு வகை வரும் வாய்ப்பு 21 மடங்கு எனச் சுவீடன் ஆய்வு 2006இல் கண்டது. பெண்ணின் தாயைப் பற்றி விசாரிப்போர் மாப்பிள்ளையின் சட்டைப்பையையும் ஒருமுறை பார்க்கலாம்.

பிறநாட்டார் கண்ட அட்டவணை நமக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை. ஐரோப்பியரிடம் 2004இல் இந்நோயோடு தொடர்புடையதாகக் கண்ட பி.டி.பி.என்.22 மரபணுத் திரிபு, இந்தியரிடம் மிக அரிது. தமிழக மக்கட்பிரிவுகளின் எச்.எல்.ஏ. வகைகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழுவினர் 1984இலேயே ஆய்ந்து வெளியிட்டனர். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் தமிழ் நோயாளிகளிடமே இம்மரபணுக்களை ஆய்ந்துள்ளனர். நமக்குரிய அட்டவணை இத்தகைய உழைப்பால்தான் உருவாக வேண்டும்.

காலையில் விரல்கள் அரைமணிக்கு மேல் விறைத்திருந்து, வீக்கமும் ஆறு வாரம் நீடித்தால், எண்ணெய் தடவிக் காலம் போக்காமல் மூட்டுவாத மருத்துவரைக் காண்க. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கப்படத் தொடங்கிவிடும். தொடக்கத்திலேயே மருந்து உண்போர் பலர் கை கோணாமல் வாழ்கின்றனர். முதன்மை மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறையே உண்ண வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அது கருவுக்குத் தீங்கானது. ஆதலின் மணமான பெண், கருவுற எண்ணும்போதே மருத்துவரிடம் கூறினால், சில மாதம் முன்னரே அதை நிறுத்தி மாற்று மருந்து தருவார். அவ்வாறு நலமுடன் பிள்ளை பெற்றோர் பலர்.