சிறு வளவுக்கு ஏற்ற மாமரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாமரமில்லாத வளவைக் காண்டல் அரிது. ஆயினும் வளவுகள் முன்போல் விசாலமானவையல்ல. பாட்டன் காலத்திலே பத்துப் பரப்பாகக் கிடந்த காணி, சீதனமாகவும் முதுசமாகவும் பங்கிடப்பட்டு, இன்று இரண்டு பரப்பாகவும் ஒன்றரைப் பரப்பாகவும் குறுகிவிட்டது. ஒரு பரப்பென்பது 10 பேர்ச்சசு. ஏறக்குறைய 2,720 சதுர அடி. இதில் வீடு, கிணறு, மலகூடம், வாகனம் நிறுத்துமிடம் ஆகியன போக எஞ்சுவது பெரும்பாலும் ஒரேயொரு மரத்துக்குரிய இடமாகும். 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நெடுங்காலத்தின் பின் தம் காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்களுட் பல, பழைய மரங்கள் யாவும் அழிந்த வெறுநிலத்திலே முதற்கன்றை நாட்ட நேர்ந்தது. இத்தகையோர் ஒரு கன்றைத் தெரிவு செய்யும்பொழுது மிக்க கவனஞ் செலுத்துதல் வேண்டும். ஏனெனில் நெல்லோ வெங்காயமோ பிழைத்தால் அடுத்த போகத்தில் மாற்றலாம். மாமரம் பிழையானதென்பதோ, அது முதன்முதலாகக் காய்க்கும் வருடத்திலேயே தெரியவரும். அதற்குள் இடமும் காலமும் போய்விடும்.

கன்று வாங்கப் புறப்படுவோர் முதலிற் கேட்பது எந்த இனம் சுவையானது என்பதையே. முதலிற் கேட்கவேண்டியதோ, எந்த இனம் தமது ஊரிற் காய்க்கும் என்பதாகும். மாமரம் பூப்பதற்குத் தொடர்ச்சியான வறட்சி வேண்டும். குடாநாட்டிலே மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்கின்றது. அதன்பின் தையிலும் மாசியிலும் மரம் பூக்கின்றது. வைகாசி முதல் ஆடி வரை பழங்கிடைக்கின்றது. பூக்குங் காலத்தில் மழையோ கடும்பனியோ நேரின், அந்திரக்னோசு என்னும் பங்கசு நோய் பற்றிப் பூங்கொத்துகள் கறுத்து உதிரும். ஈரவலயத்தில் இவ்வாறான நீண்ட வறட்சி இல்லை. ஆதலால் அங்கே சில இனங்கள் வருடம் முழுவதும் தளிர்த்துக்கொண்டே நின்று, பூவாமலும், பூத்தாற் காயாமலும் ஏமாற்றும். கொழும்பிலே குடியிருக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஊரிலிருந்து கறுத்தக்கொழும்பான் கன்று அனுப்பி, அது காய்க்கவில்லையென மனம் வருந்துவோர் பலர். பெயரிலே கொழும்பு இருப்பினும், கொழும்பின் மழை அதற்கு ஒவ்வாது.

குடாநாட்டினுள்ளும் எல்லா இடமும் ஒருதன்மையனவல்ல. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் முதலிய இடங்களின் செம்மண்ணிலும், தென்மராட்சியின் மணற்பாங்கான நிலத்திலும் மாமரம் நன்கு வளரும். கலட்டி நிலத்திற் பாறையை உடைத்து ஆழமான குழி செய்தாலன்றி வேர் இறங்காது. கிணற்று நீர் உவர்ப்பாயுள்ள தீவுப்பகுதி வளவுகளிலும் கரையோரத்திலும் மாமரத்தைக் குறித்துப் பேராசை கொள்ளற்க. உவர் ஏறினால் இலைநுனி கருகும். கன்று ஆண்டுக்கணக்கில் நின்ற நிலையிலேயே நிற்கும். அவ்விடங்களுக்குச் சப்போட்டா பொருத்தமானது. அஃது உவரை ஓரளவு தாங்கும்.

இனி இனங்களைப் பற்றிக் கூறுவாம். உலர்வலயத்தில் ஒரேயொரு மரம் நாட்டுவோருக்கு முதலிடம் பெறத்தக்கது கறுத்தக்கொழும்பானே. இதன் சதை செம்மஞ்சள் நிறமும் நறுமணமும் செறிந்த இனிமையும் உடையது. பழுத்த பின்னும் தோல் கரும்பச்சையாகவே இருக்கும் என்பது இதன் குறை. நிறத்தைக் கொண்டு முதிர்ச்சியை அறிதல் இயலாது. காம்பைச் சுற்றியுள்ள தோட்பகுதி பருத்து, காம்பு பள்ளத்திற் புதைந்தாற்போலத் தோன்றுங்காலமே பறிக்குங்காலமாகும். பழக்கமில்லாதோர் முற்றாத காயைப் பறித்து வைத்து, அது சுருங்கியபின் இனத்தைக் குறைகூறுவர். வெள்ளைக்கொழும்பானின் தோல் வெளிறியது. பழமும் சற்றுச் சிறியது. சுவையிற் கறுத்தக்கொழும்பானுக்கு ஒரு படி கீழெனினும், இடைவலயத்திலும் பயன் தரும். விலாட்டு சிறிய, உருண்டையான பழம். மெல்லிய தோலிற் செம்மை படர்ந்திருக்கும். ஏனையவற்றிலும் அதிகமான இடங்களிற் காய்க்கவல்லதாதலின், மழை கூடிய பகுதியிலுள்ளோர் இதனையே நாட்டுதல் நன்று. பிள்ளைகள் நிறைந்த வீட்டிற்கும் இது உகந்தது. ஆளுக்கொரு முழுப்பழம் கொடுக்கலாம். அம்பலவியும் செம்பாட்டானும் உலர்வலயத்துக்குரியவை. நீண்ட அம்பலவிப் பழத்தை விரும்புவோர் வேறொன்றையும் நாடார். பிற்காலத்திற் பரவிய ரொம் ஈ.ஜே.சி. என்னும் இனம், அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட நிறையுடைய, நாரற்ற பழங்களைத் தருவது; சந்தையில் நல்ல விலை பெறுவது. விற்பனை நோக்கமுடையோர் அதனை நாட்டலாம். வீட்டார் உண்பதற்கு ஒரு மரம் போதுமென்போர், வாசனையையே பெரிதாக மதித்தல் தகும்.

பிளம்ஸ் முதலிய குளிர்நாட்டு மரங்கள் பலவற்றிற்கு, மகரந்தம் வழங்க வேறோர் இனத்து மரமும் அருகே வேண்டும். மாமரத்துக்கு அத்தகைய துணையைத் தேடி நாட்டவேண்டியதில்லை. வளவில் ஒன்றே நின்றாலும் போதிய அளவு காய்க்கும்.

எந்த இனமாயினும் ஒட்டுக்கன்றாகவே வாங்குதல் வேண்டும். சுவையான பழத்தின் கொட்டையைப் புதைத்தால் அதே சுவை கிடைக்குமென எண்ணுவது பெரும்பாலும் தவறாகும். மாங்கொட்டைகள் இருவகை. ஒருவகையில் ஒரே முளையம் உண்டு. அது தாயினதும் அயல்மரத்தினதும் கலப்பாற் பிறந்ததாதலின், வளரும் மரம் தாயை ஒத்திராது. மற்றவகையிற் பல முளையங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை தாயின் இயல்பையே கொண்டிருக்கும். ஆயினும் முளைத்த கன்றுகளுள் எது தாயை ஒத்தது, எது கலப்பானது எனப் பார்த்தறிதல் எளிதன்று. மேலும் கொட்டையிலிருந்து வந்த மரம் காய்க்க 6 முதல் 8 வருடம் வரையும், சிலவேளை அதனினும் அதிகமாகவும் செல்லும். ஒட்டுக்கன்று 3 அல்லது 4 வருடத்திற் காய்க்கத் தொடங்கும்.

இனத்தின் பெயர் எழுதிய சீட்டை மாத்திரம் நம்புதல் தகாது. வீதியோரத்தில் வாகனத்தில் வைத்து விற்கப்படும் கன்றுகளின் தாய்மரத்தை எவரும் கண்டதில்லை. அரசாங்க நாற்றுமேடையிலோ பதிவுபெற்ற நாற்றுமேடையிலோ வாங்குக. ஒட்டிய இடம் நன்றாகப் பொருந்தி, மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமனாய் இருத்தல் வேண்டும். ஒட்டுக்கு மேலே இரண்டு முறையாவது தளிர்த்து, அத்தளிர்கள் முற்றிக் கரும்பச்சை நிறமடைந்திருத்தல் வேண்டும். பையின் அடியைத் துளைத்து வேர் வெளியே சுருண்டிருப்பின் அதனை விலக்குக. உயரமான கன்றே சிறந்ததென்பது வாங்குவோரின் மயக்கம். சிறு பையில் நெடுங்காலம் நின்ற கன்று, நிலத்திற் சேர்ந்தபின்னும் நெடுநாள் தயங்கும். பூவோடு நிற்கும் கன்றுக்குக் கூடிய விலை கொடுப்பதும் வேண்டாம். அப்பூவை எவ்வாறாயினும் கிள்ளியெறிய வேண்டியதே. முதலிரண்டு வருடமும் கன்று காயைச் சுமத்தல் ஆகாது.

நாட்டுமிடம் வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 20 அடியாவது விலகியிருத்தல் நன்று. கிணற்றடியில் எந்நேரமும் ஈரமிருப்பதால், அங்கே நட்ட மாமரம் இலையாகவே செழித்துப் பூவைக் குறைக்கும். அவ்விடம் வாழைக்கு உரியது. வேலிக்கும் மரத்துக்கும் இடையே 15 அடி விடுக. வேலியைத் தாண்டிய கிளையும் அப்பாலே விழுந்த பழமும் அயலவரிடையே எத்தனை வருடப் பகையை வளர்த்துள்ளன என்பதை நம்மவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

3 அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணோடு நன்கு மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ கலந்து நிரப்பி, மாரிமழை தொடங்கும் ஐப்பசியில் நாட்டுக. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருத்தல் வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து எழும் தளிர்களை உடனுக்குடன் அகற்றுக. முதல் மூன்று கோடையிலும் நீரூற்றி, அடியைக் காய்ந்த குழையால் மூடி வைக்க.

மாமரம் தன்போக்கில் விட்டால் 40 அடிக்கு மேல் உயரும். சிறு வளவு அதனைத் தாங்காது. மரத்தைச் சிறியதாக வைத்திருப்பது இனத்திலும் பார்க்கக் கத்தியையே பொறுத்ததாகும். கன்று இடுப்பளவு உயர்ந்ததும் நுனியை வெட்டி, எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் மூன்று அல்லது நான்கு கிளைகளை மாத்திரம் விடுக. காய்க்கத் தொடங்கியபின் ஒவ்வொரு வருடமும் பழம் பறித்து முடிந்தவுடன் உயர்ந்த கிளைகளைக் குறைத்து, மரத்தை 15 அடிக்குள் அடக்கி வைக்கலாம். ஏணியின்றியே பழம் பறிக்கவும், பழ ஈ தாக்காதவாறு கடதாசி உறையிடவும் அது வசதியாகும். மாரிகாலத்தில் வெட்டுதல் கூடாது. மாம்பூ முற்றிய கிளைகளின் நுனியிலே தோன்றுவதாதலின், கார்த்திகையில் வெட்டுவோர் அடுத்த வருடப் பழத்தையே வெட்டுகின்றனர்.

வளர்ந்த மரத்துக்கு மழை ஓய்ந்தபின் பூத்துக் காய் பிடிக்கும்வரை நீரூற்ற வேண்டாம். பூ விரிந்திருக்குங் காலத்திற் பூச்சிநாசினி தெளித்தலையும் தவிர்க்குக. மாம்பூவில் மகரந்தத்தைச் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களும் சிறு பூச்சிகளுமே. இலைத்தத்தி மிகுந்து பூங்கொத்துகளிற் பிசுபிசுப்புக் காணப்படின், பூ விரியுமுன்பே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக. காயைப் பறிக்கும்பொழுது இரண்டு மூன்று அங்குலக் காம்போடு வெட்டினால், பால் வடிந்து தோல் கருகாது. ஒரு வருடம் மிகுதியாகக் காய்த்த மரம் மறுவருடம் குறைவாகக் காய்ப்பதுண்டு, அது நோயன்று.

வளவில் ஏற்கனவே புளித்த பழமோ நார்ப்பழமோ தரும் கொட்டைமரம் ஒன்று நின்றால், அதனை வேரோடு அழிக்கவேண்டிய அவசியமில்லை. பழம் முடிந்தபின் ஒரு கிளையை மாத்திரம் மரத்துக்கு ஆதாரமாக விட்டு, ஏனையவற்றை மூன்று நான்கு அடி உயரத்தில் வெட்டி, வெட்டுவாய்களுக்கும் தண்டுக்கும் வெயில் படாதவாறு சுண்ணாம்பு பூசுக. எழும் தளிர்களில் வலிய மூன்று நான்கை விட்டு, அவை பென்சில் பருமனானதும் விரும்பிய இனத்தை ஒட்டுவிக்கலாம். வேர் பழையதாதலின் வளர்ச்சி விரைவாயிருக்கும். ஒட்டு நன்கு வளர்ந்தபின் ஆதாரக் கிளையையும் அகற்றிவிடுக. ஒட்டுக்குக் கீழே தோன்றும் பழைய தளிர்களை மாதந்தோறும் பார்த்துக் கிள்ளுதல் வேண்டும். ஒரு வருடம் கவனியாது விடின், அவை ஒட்டினை மேற்கொண்டு, பழைய புளிமாமரமே மீண்டும் நிற்கும்.