ஒரே மாவில் போண்டாவும் கொழுக்கட்டையும்

புத்தூர் நால்ரோட்டு டீக்கடையில் உருண்டையாகப் போண்டா, தட்டையாக இட்லி, நீளவாக்கில் பிடிகொழுக்கட்டை. மூன்றுக்கும் மாவு வேறு. ஈயம்-186 என்ற அணுக்கருவோ ஒரே மாவில் மூன்றையும் பிடிக்கிறது. 82 புரோட்டான், 104 நியூட்ரான். ஒன்று கூடவில்லை, குறையவில்லை. அடிநிலையில் உருண்டை. அதற்கு மேலே 532, 650 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மற்ற இரண்டு வடிவங்கள். கருவைக் கட்டிவைத்திருக்கும் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 14,50,000 என்னும்போது இந்த வித்தியாசம் வெறும் சில்லறை.

காரணம் ஓர் இழுபறி. 82 என்பது புரோட்டான்களுக்கு அடுக்கு நிறைந்த எண். உருண்டையாகவே இரு என்கிறது. நியூட்ரான்களுக்கு 82-இலும் 126-இலும் அடுக்கு நிறையும், 104 நட்டநடு. அவை கருவை நீட்டவோ நசுக்கவோ பார்க்கின்றன.

இந்த வடிவங்களை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சுழலும் கரு படிப்படியாக இறங்கும்போது படிக்கு ஒரு காமா கதிரை உதிர்க்கிறது. நன்றாக நீண்ட கருவென்றால், அடியிலிருந்து அளந்த படிகளின் உயரம் 6, 20, 42 என்ற விகிதத்தை ஒட்டிப் போகும். தட்டைக்கும் ஏணி உண்டு, படி இடைவெளி வேறு. முழு உருண்டைக்கு அந்த ஏணியே கிடையாது. வழுவழுப்பான பந்து சுற்றுகிறதா நிற்கிறதா என்று எப்படிச் சொல்வது?

இப்படிப்பட்ட ஏணிகளைத் தேட நம் நாட்டில் இருப்பது இந்திய தேசிய காமா அணி. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கிகளுக்கு முறைவைத்துப் போய்வரும் கருவி. முழுதாக மாட்டினால் 24 உணரிகள், ஒவ்வொன்றிலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் நான்கு படிகங்கள். 'க்ளோவர்' என்று பெயர். உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஆரைக்கீரை என்றால் உடனே புரியும். படிகங்களைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்காவிட்டால் அவற்றின் சொந்த இரைச்சலே சமிக்ஞையை மூடிவிடும். ஒரே கணத்தில் வெவ்வேறு உணரிகளில் விழுந்த கதிர்களை ஜோடி சேர்த்துத்தான் எந்தப் படி எந்த ஏணிக்கு என்று பிரிக்கிறார்கள்.

ஏணியின் அடியில்தான் சிக்கல். சுழற்சியே இல்லாத ஒரு நிலையிலிருந்து அதேபோன்ற இன்னொன்றுக்கு ஒற்றைக் காமாவை உமிழ்ந்து இறங்க இயற்கை விடாது. பெரும்பாலும் அந்த ஆற்றலை அணுவின் ஓர் எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு வெளியே பாயும். ஈயம்-186 பற்றி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நடந்த சோதனையில் அத்தகைய எலக்ட்ரான்களும் துப்புக் கொடுத்தன. 2000-இல் முடிவு வெளியானது. 532-இல் தட்டை, 650-இல் நீளம் என்று எழுதினார்கள். காமாவையும் எலக்ட்ரானையும் ஒருசேர அளந்த குழு ஒன்று 2022-இல் அதைத் திருப்பிப் போட்டது: 532-இல் இருப்பது பெரும்பாலும் நீளம், 650-இல் தட்டை. அதுவரை கொழுக்கட்டையைத்தான் இட்லி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.