உங்களுக்குத் தெரியுமா? ஒரு குத்து 62 லட்சம் ரூபாய்!

★ அமெரிக்காவின் நாஸ்கார் ஸ்டாக் கார் பந்தயங்களில் கைகலப்புக்காக விதிக்கப்பட்ட அபராதங்களிலேயே பெரியது 75,000 டாலர். அது 2024 மே மாதம் விதிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 62 லட்சம் ரூபாய். குத்தியவர் ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர், குத்து வாங்கியவர் கைல் புஷ். வாங்கியவருக்குத் தண்டனை எதுவும் இல்லை.

★ அந்தக் குத்தைவிட, அதற்கு முந்தைய காத்திருப்புதான் சுவாரஸ்யம். வட கரோலினாவில் உள்ள நார்த் வில்க்ஸ்போரோ ஓடுதளத்தில் ஆல்-ஸ்டார் பந்தயம். இரண்டாவது சுற்றிலேயே புஷ் இடித்ததில் ஸ்டென்ஹவுஸின் கார் சுவரில் மோதி நொறுங்கியது. மனிதர் அந்த நொறுங்கிய காரை அப்படியே ஓட்டிப் போய், டயர் மாற்ற புஷ்ஷின் கார் வந்து நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். ஏணியில் ஏறி, மேலே உட்கார்ந்திருந்த புஷ்ஷின் குழுவினரை நாலு கேள்வி கேட்டார். வேறு ஊராக இருந்தால் அதோடு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். ஆனால் அது பழைய காலத்து ஓடுதளம், சுரங்கப்பாதை கிடையாது. கார்கள் சுற்றி முடிக்கும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போக வழியே இல்லை. மொத்தம் 200 சுற்று! முடிந்ததும் புஷ் வந்தார், வாய்த்தகராறு முற்றியது, கை பறந்தது.

அபராதத் தொகையைக் கூட்டியது இந்தக் காத்திருப்புதான். ரத்தம் கொதிக்கும் நிமிடத்தில் அடிப்பது வேறு, 198 சுற்று உட்கார்ந்திருந்துவிட்டு அடிப்பது வேறு என்பது அதிகாரிகளின் கணக்கு.

★ அதே சண்டையில் மகனுக்காகக் களத்தில் குதித்த ஸ்டென்ஹவுஸின் அப்பாவுக்குக் காலவரையற்ற தடை. ஒரு மெக்கானிக்குக்கு 8 பந்தயத் தடை, ஓர் இன்ஜின் டியூனருக்கு 4. குத்திய மகனுக்கோ ஒரு பந்தயம்கூடத் தடை இல்லை. அடுத்த ஞாயிறு சார்லட்டில் வழக்கம்போல ஸ்டியரிங் பிடித்தார். டிரைவரும் டிரைவரும் மோதிக்கொண்டால் ஓரளவு கண்டும் காணாமல் விடுவார்கள். குழுவினரோ உறவினரோ ஒரு டிரைவர் மீது கை வைத்தால் விடமாட்டார்கள். இந்த எழுதாத சட்டம் புரிந்தால்தான் நாஸ்கார் தீர்ப்புகள் பாதியாவது புரியும்.

★ 2014 நவம்பரில் டெக்சாஸில் ஜெஃப் கார்டனும் பிராட் கெசலாவ்ஸ்கியும் மோதிக்கொண்டது பெரிய கலாட்டா. கும்பலுக்கு நடுவே கெசலாவ்ஸ்கியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு நழுவினார் கெவின் ஹார்விக். டிரைவர்கள் மூவருக்கும் தண்டனை இல்லை. மாட்டியது குழுவினர்தான்.

★ சண்டை போட்டால் பேர் கெடும் என்பார்கள். நாஸ்காருக்குப் பேர் கிடைத்ததே ஒரு சண்டையால்தான். 1979 பிப்ரவரி 18, டேடோனா 500. தொடக்கம் முதல் முடிவுவரை தேசியத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்ட முதல் 500 மைல் பந்தயம் அது. கிழக்கு மாநிலங்களில் பனிப்புயல் வேறு, ஜனம் வீட்டில் டிவி முன்னால். கடைசிச் சுற்றில் முதல் இரண்டு இடங்களில் இருந்த டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் ஒருவரையொருவர் இடித்துப் புல்வெளியில் போய் விழுந்தார்கள். பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். ஆனால் கேமரா புல்வெளிப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே டானியின் அண்ணன் பாபியும் சேர்ந்து மூவரும் அடிதடி! ஆளுக்கு 6,000 டாலர் அபராதம். கேல்தான் தன் மூக்கால் என் முஷ்டியை இடித்தார் என்று பாபி ஆலிசன் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

★ 2003 ஆகஸ்ட், மிச்சிகன். பந்தயம் முடிந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த கர்ட் புஷ்ஷை ஜன்னல் வழியாகக் குத்தினார் ஜிம்மி ஸ்பென்சர். (ஸ்டாக் காருக்குக் கதவு கிடையாது. ஏறுவது, இறங்குவது, அடி வாங்குவது எல்லாமே ஜன்னல் வழிதான்.) 25,000 டாலர் அபராதம், ஒரு பந்தயத் தடை. ஸ்பென்சர் வெளியே உட்கார்ந்திருந்த அந்த பிரிஸ்டல் பந்தயத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? கர்ட் புஷ்! மேலே 62 லட்சம் குத்து வாங்கிய கைல் இவருடைய தம்பி.

★ கையால் அடித்தால் பெரும்பாலும் பணத்தோடு போகும். காரால் அடித்தால்தான் வினை. ஓவல் ஓடுதளத்தில் கார்கள் எப்போதும் இடது பக்கமாகவே திரும்பும். வலது பக்கம் கான்கிரீட் சுவர். முன்னால் போகும் காரின் வலது பின்மூலையைத் தன் காரின் இடது முன்மூலையால் ஒருவர் தட்டினால் போதும். அந்தக் கார் வலது பக்கம் மடங்கி, மூக்கு நேராகச் சுவரைப் பார்க்கப் போய் மோதும். கழுத்தும் மண்டையும் தாங்குமா என்பது அதிர்ஷ்டம்.

இதற்காகத்தான் 2022 அக்டோபரில், லாஸ் வேகாஸில் கைல் லார்சனின் காரைத் தட்டிய பபா வாலஸுக்கு ஒரு பந்தயத் தடை. இறங்கி ஓடிவந்து லார்சனைப் பிடித்துத் தள்ளியும் விட்டார். ஆனால் தடை தள்ளியதற்காக அல்ல, காரை ஓட்டிய விதத்துக்காக. 2023 மே மாதம் சார்லட்டில் டென்னி ஹாம்லினைத் தட்டிய சேஸ் எலியட்டுக்கும் அதே ஒரு பந்தயத் தடை. எலியட் ரசிகர்கள் வருடா வருடம் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் செல்லப்பிள்ளை. அவரையும் விடவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

★ பழிவாங்கலில் கனமான தீர்ப்பு என்றால் மேட் கென்செத் விவகாரம். 2015 அக்டோபர், கான்சஸ்: ஐந்து சுற்று மிச்சம் இருக்கையில் முன்னணியில் இருந்த கென்செத்தைச் சுழலவிட்டு ஜோயி லொகானோ ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து மார்ட்டின்ஸ்வில். கென்செத் ஒன்பது சுற்று பின்தங்கி, ஜெயிக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். முதலிடத்தில் வந்த லொகானோ பக்கத்தில் நெருங்கியதும் அவரை அப்படியே சுவரோடு சேர்த்து அழுத்தினார். கேலரியில் விசில் பறந்தது. இரண்டு பந்தயத் தடை; மேல்முறையீடு செய்தும் தடை குறையவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே நாள் அதே ஓடுதளத்தில் டானிகா பேட்ரிக்கும் டேவிட் கில்லிலண்டைப் பழிவாங்கக் காரை விட்டார். அவருக்கு 50,000 டாலர் அபராதமும் 25 புள்ளிக் குறைப்பும்தான், தடை இல்லை. முதலிடத்தில் ஓடும் காரை, அதுவும் சாம்பியன் பட்டத்துக்கான கட்டத்தில் இடித்தால் விலை வேறு போலிருக்கிறது. எனக்கு இது அவ்வளவாக ஒப்பவில்லை. சுவர் இரண்டு பேருக்கும் ஒரே சுவர்தானே!

★ 2011 நவம்பரில் டெக்சாஸில் நடந்த டிரக் பந்தயத்தில், மஞ்சள் கொடி காட்டி எல்லாரும் மெதுவாகப் போகவேண்டிய நேரத்தில், ரான் ஹார்னடேயைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினார் நம் கைல் புஷ். அந்த வார இறுதியில் மிச்சமிருந்த இரண்டு பந்தயங்களிலும் உட்காரவைத்தார்கள். 50,000 டாலர் அபராதமும் போட்டார்கள். அதைவிட வலித்தது வேறொன்று: சீசனின் கடைசி இரண்டு பந்தயங்களுக்கு அவர் காரிலிருந்து எம்&எம்ஸ் மிட்டாய் கம்பெனி தன் பெயரை எடுத்துக்கொண்டது.

★ 100,000 டாலரும் 25 புள்ளிகளும். 2012 நவம்பரில் ஃபீனிக்ஸில் கிளின்ட் போயரைக் காத்திருந்து இடித்ததற்கு ஜெஃப் கார்டன் கொடுத்த விலை. அடுத்த வாரமே ஹோம்ஸ்டெட்டில் கார்டன் முதலிடம். இரண்டாமிடம்? போயர்!

★ வாயால் கெட்டவர் டென்னி ஹாம்லின். 2023 மார்ச்சில் ஃபீனிக்ஸில் ராஸ் சாஸ்டெயினைச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் சாதாரண உரசல் என்றே விட்டிருப்பார்கள். மறுநாள் தன் பாட்காஸ்டில், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று தானே ஒப்புக்கொண்டார். 50,000 டாலர், 25 புள்ளிகள். மேல்முறையீடும் தோற்றது. அவர்மீது பாய்ந்த விதியின் பெயர் என்னவோ அதுவேதான் அந்தப் பாட்காஸ்டின் பெயரும்.

★ இரண்டு மாதம் கழித்து கான்சஸில் அதே சாஸ்டெயின் நோவா கிராக்சனின் முகத்தில் ஒரு குத்து விட்டார். தண்டனை: பூஜ்யம்.

★ ஆளில்லாத காரை இடித்தாலும் அபராதம் உண்டு. 2011 மே, டார்லிங்டன். பந்தயம் முடிந்ததும் ஹார்விக் தன் காரை கைல் புஷ்ஷின் கார் முன்னால் நிறுத்தி, இறங்கிச் சண்டைக்கு வந்தார். புஷ், ஹார்விக்கின் காலிக் காரை முட்டித் தள்ளிவிட்டு நகர்ந்தார்; அது தானாக உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. இருவருக்கும் தலா 25,000 டாலர்.

★ கட்டுப்பாடுகளைக் கொஞ்சம் தளர்த்துகிறோம், பையன்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாஸ்கார் அறிவித்தது 2010 ஜனவரியில். மார்ச்சில் அட்லாண்டாவில் கார்ல் எட்வர்ட்ஸ் தட்டியதில் கெசலாவ்ஸ்கியின் கார் காற்றில் எழும்பிக் கவிழ்ந்து மோதியது. எட்வர்ட்ஸுக்கு மூன்று பந்தயங்களுக்குக் கண்காணிப்பு மட்டும்! ஜூலையில் அவரையே மறுபடி இடித்தபோதுதான் 25,000 டாலரும் 60 புள்ளிகளும் போயின.

இந்த ரகளைக்கு நடுவே, அதே மார்ச்சில், மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கினார் நம் கோவை நரேன் கார்த்திகேயன். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர். அறிமுகத்திலேயே 13-ஆவது இடம். அந்த வருடம் டிரக் பிரிவில் மிகப் பிரபலமான டிரைவர் என்று ரசிகர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான்.

★ ஜெயித்தும் ஜெயிக்காதவர் ஆஸ்டின் டில்லன். 2024 ஆகஸ்ட், ரிச்மண்ட். கடைசிச் சுற்றில் முதலில் லொகானோவை இடித்தார், அடுத்து ஹாம்லினை வலது பக்கம் மடக்கினார், கோட்டைத் தாண்டினார். கோப்பை அவரிடமே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் அந்த வெற்றியால் கிடைத்த பிளே-ஆஃப் இடத்தைப் பறித்துவிட்டார்கள். நல்ல தீர்ப்பு.

அன்று இடிபட்ட லொகானோவுக்கும் 50,000 டாலர் அபராதம் விழுந்தது. பந்தயம் முடிந்ததும், டில்லனின் ஆட்கள் கூடி நின்ற இடத்தருகே டயரைச் சுழற்றிப் புகை கிளப்பிப் போனாராம். அபராதம் கட்டிய அதே வருடம் நவம்பரில் சாம்பியன் பட்டமும் அவருக்கே.