சினை ஆட்டின் பசியும் வயிற்றிலுள்ள குட்டியும்

ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரங்களே இருக்கும்போது, நன்றாயிருந்த சினை ஆடு மந்தையினின்றும் ஒதுங்கி நிற்கிறது. தீனி எடுப்பதில்லை; பல்லைக் கடிக்கிறது; பார்வை மங்கினாற்போல் வேலியில் முட்டிக்கொள்கிறது. பின்னர் படுத்துவிடுகிறது. சில நாட்களில் தாயும் குட்டிகளும் மடிகின்றன. இதனைக் கண்ணேறு என்று கருதுவோர் உண்டு. உண்மையில் இது சக்திக் குறைவால் நேரும் கீட்டோன் நோயாகும்.

நோயின் காரணம்

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களிலேயே நடைபெறுகிறது. அப்போது குட்டிக்கு முதன்மையான எரிபொருள், தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சின் வழியாகச் செல்லும் குளுகோஸ் என்னும் சர்க்கரையே.

அசைபோடும் பிராணிகளின் குடலிலிருந்து சர்க்கரை நேரே இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கச்செய்து அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான புரோப்பியானிக் அமிலத்தைக்கொண்டு ஈரல் குளுகோஸ் தயாரிக்கிறது. தீனி குறைந்தால் இவ்வுற்பத்தியும் குறையும். குட்டிகளோ தம் பங்கை இழுத்துக்கொண்டேயிருக்கும். குட்டிகள் இரண்டு மூன்றாயின், வயிற்றில் இடம் நெருங்கித் தாய் உண்ணும் அளவும் சுருங்குகிறது.

அந்நிலையில் தாய் தன் உடற்கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. ஈரல் அக்கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. அளவோடிருந்தால் இவை தாயின் தசைகளுக்கு எரிபொருளாகும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது; பசி மேலும் அடங்குகிறது. மனிதரிலும் எலியிலும் கீட்டோன்கள் நஞ்சைக் கடந்து கருவுக்கு உதவும். ஆட்டிலோ குட்டியை அடைவது சொற்பமே. ஆகவே தாயின் கொழுப்பு கரைந்தும் குட்டியின் பசி தீர்வதில்லை. தன் உடல் வளர்ச்சிக்குரிய அமினோ அமிலங்களையே எரித்து அது உயிர்வாழ நேரிடுகிறது. எடை குன்றிப் பிறக்கிறது.

செய்ய வேண்டுவன

1. கடைசி ஆறு வாரங்களில் மேய்ச்சலுடன் நாள்தோறும் 200 முதல் 300 கிராம் வரை கம்பு, தவிடு, பிண்ணாக்குக் கலவை கொடுக்க வேண்டும். சிறிது சிறிதாகவே அளவைக் கூட்டுதல் நலம்.

2. மழை நாட்களில் சினை ஆட்டைப் பட்டினி போடலாகாது. அகத்தி, வேலிமசால் முதலிய தழைகளைக் கொணர்ந்து போடுக.

3. சினையின் தொடக்கத்தில் அளவுகடந்து கொழுக்கவிடுவதும் தவறு. மிகக் கொழுத்த ஆட்டையும் இந்நோய் பற்றும்.

4. தீனி மறுத்த அன்றே கால்நடை மருத்துவரை அணுகுக. வெல்லத் தண்ணீரை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அச்சர்க்கரையையும் பெருவயிற்று நுண்ணுயிர்கள் புளிக்கச்செய்துவிடும்.

விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளின் கன்னி ஆடு இரட்டைக் குட்டிகளுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய ஆடுகளிடத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஈனும் பருவத்திற்கு முன்னரே ஊரிலுள்ள சினை ஆடுகளைக் கணக்கெடுத்து, மருத்துவர் வந்து பார்வையிட ஏற்பாடு செய்யலாம். பொது நிலத்தில் அகத்தி பயிராக்கலாம். ஏழைக் குடும்பத்திற்கு ஆடே சேமிப்பு. தாயும் இரு குட்டிகளும் ஒருசேர மடிந்தால் அக்குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு வீணாகும். அதனைக் காக்க, ஆறு வாரம் அளிக்கும் சில பிடி தானியம் பெருஞ்செலவன்று.