ரேஞ்ச்பைண்டர் கேமரா: கையாளும் முறை ஒப்பீடு

ரேஞ்ச்பைண்டர் கேமரா என்பது பொருளின் தொலைவை அளந்து குவியப்படுத்தும் கேமரா ஆகும். குவிய வளையத்தைத் திருப்பும்போது இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாக இணைந்தால் குவியம் சரியாக உள்ளது எனலாம்.

1933-இல் வெளிவந்த லைக்கா III கேமராவில் குவியம் பார்க்க ஒரு துளையும் காட்சியைச் சட்டமிட வேறொரு துளையும் இருந்தன. கண்ணை இடம் மாற்றும் நேரத்தில் நல்ல காட்சி தவறிப்போகலாம். எனவே பலர் தொலைவைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, குவியத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்டனர். படச்சுருளை அடிப்பக்கம் வழியாகவே செருக வேண்டும்.

கான்டாக்ஸ் II (1936) இவ்விரண்டையும் ஒரே துளையில் இணைத்தது. பின்மூடி முழுவதும் கழன்றுவிடுவதால் படச்சுருள் மாற்றுவதும் எளிது. ஆனால் வலக்கை விரல் தொலைவுமானிச் சாளரத்தை மறைத்துவிடும். பிடிக்கும் முறையைப் பழக வேண்டும்.

லைக்கா எம்3 (1954) பெரிய, தெளிவான ஒற்றைத் துளையுடன் வந்தது. வில்லைக்கு ஏற்ற ஒளிச்சட்டமும் அதில் தானாகத் தோன்றும்.

சோவியத் தயாரிப்பான சோர்க்கி-4 கேமராவில் படச்சுருளை முன்னகர்த்திய பிறகே மூடுதிரை வேகத்தை மாற்ற வேண்டும்; தவறினால் இயக்கப் பொறி பழுதாகலாம்.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிசியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். எம்3 வெளிவர அப்போது இன்னும் 4 ஆண்டுகள் இருந்தன. வசதி குறைந்த கருவியிலும் கைப்பழக்கமே காட்சியைத் தவறவிடாமல் காத்தது.