கொல்லைச் சேவலின் கோபம்

கீரனூரிலிருந்து வடக்கே திருச்சிராப்பள்ளிச் சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது உறையூர். சோழர்களின் பழைய தலைநகராகிய அவ்வூருக்குக் ‘கோழி’ என்றும் ஒரு பெயர் உண்டு. அவ்விடத்தில் கோழியொன்று யானையை எதிர்த்துப் போரிட்டதாகவும், அதைக் கண்ட சோழ மன்னன் அதனை வலிமை மிக்க நிலமெனக் கருதி அங்கே நகரமைத்ததாகவும் வழங்கும் கதையே அதற்குக் காரணம். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலோ, போர்ச் சேவலுக்கு நடுகல்லே நட்டு எழுத்தும் பொறித்திருக்கின்றனர் நம் முன்னோர். ஆகவே சேவலின் வீரத்தைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வீரம் யானையை விட்டுவிட்டு, நூல் சுற்றும் மூதாட்டியின் மீதும் பள்ளிக்குப் புறப்படும் சிறுமியின் மீதும் பாயும்போது செய்வது என்ன என்பதே இப்போதைய கேள்வி.

சங்கப் பத்திரிகைக்கு இது தகுந்த விஷயமா என்று சிலர் நகைக்கக்கூடும். கீரனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒருவர் கடனுக்கு ஒருவர் ஜாமீன் நின்று வந்த இரு அண்டை வீட்டாரை எனக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சேவல் அடுத்த வீட்டுச் சிறுமியின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, கீறிவிட்டது. பேச்சு நின்றது, ஜாமீன் கையெழுத்தும் நின்றது. நிலக்கடலை விதைப்புக்கு வேண்டிய கடனுக்கான மனு சங்க மேசையிலேயே கிடந்தது. விசாரிக்கச் சென்றால், அச்சேவல் கருப்பருக்கு நேர்ந்து விடப்பட்டது என்று தெரிந்தது. “சாமிக்கு விட்டதுங்க ஐயா. அடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. நான் என்ன செய்யட்டும்?” என்றார் அவ்வீட்டு அப்பத்தா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர்தாம் வழி சொன்னார்: “சாமிக்கு நேர்ந்ததைத் தெருவிலே அலைய விடணும்னு யாரம்மா சொன்னது? படைக்கிற நாள் வரைக்கும் பத்திரமாக் காக்கிறதும் நேர்த்திதானே?” கொல்லை மூலையில் வலையடித்து அடைப்புக் கட்டினார்கள். இரண்டு வாரங் கழித்துக் கையெழுத்தும் வந்தது.

சேவல் ஏன் மனிதரைத் தாக்குகிறது? கெட்ட புத்தியினால் அன்று. நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. காட்டில் சேவலின் வேலை, தன் பெடைகளைக் காப்பதும் பிற சேவல்களை விரட்டுவதுமே. நான்கைந்து மாத வயதில் பருவமெய்தத் தொடங்கும்போது அந்தப் பழைய இயல்பு தலையெடுக்கிறது. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஷெல்டெரப் எபெ 1920-களின் தொடக்கத்தில், கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு படிவரிசை உண்டென்று எழுதினார். அவ்வரிசையில் நம்மையும் சேர்த்து எண்ணிக்கொள்ளும் சேவலே தொல்லை தருகிறது. குஞ்சுப் பருவத்தில் மடியில் வைத்துச் சீராட்டிய சேவல் பின்னாளில் பாய்வதும் இதனாலேயே. அதற்கு நம்மிடம் அச்சமே இல்லை. நம்மை இன்னொரு சேவலாகவே கருதுகிறது.

ஆனால் குரல் கொடுக்கும் சேவலையெல்லாம் போக்கிரி என்று தள்ளிவிடக் கூடாது. பருந்து நிழல் கண்டால் எச்சரிப்பதும், கீரி வந்தால் முன்னே நிற்பதும் நல்ல சேவலின் இலக்கணம். நம்மைக் கண்டு பெடைகளை ஒதுக்கிக்கொண்டு விலகிப் போனால் அது காவல். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வருவதும், கழுத்துத் தூவியைச் சிலிர்த்துத் தலையைத் தாழ்த்துவதும் வேறு, அடுத்தது பாய்ச்சல்தான்.

அவ்வேளையில் ஓடக் கூடாது. ஓடினால் வெற்றி தனதென்று அது முடிவு செய்து மறுநாளும் வரும். உதைக்கவும் கூடாது, உதைப்பவனை அது எதிரிச் சேவலாகவே எண்ணித் திரும்பவும் எதிர்க்கும். முறத்தையோ கூடையையோ முழங்காலுக்கு முன்னே பிடித்து, அசையாமல் நின்று, அது விலகிய பின்னரே நாம் நகர வேண்டும். முதுகைக் காட்டலாகாது. பொழுது அடைந்தபின் கோழி இருளில் அடங்கியிருக்கும். அப்போது பிடித்து, இறக்கைகளை உடலோடு அணைத்துக் கக்கத்தில் சிறிது நேரம் வைத்திருந்து இறக்கி விடுவதைச் சில நாள் தொடர்ந்தால் பணிகின்ற சேவல்களும் உண்டு. கால்முள்ளின் கூர்நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். முள்ளின் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் அடியோடு வெட்டுவது கொடுமை.

மூன்று நான்கு வாரங்களில் திருந்தாத சேவலுக்காக மேலும் பொறுப்பது வீண் என்பது என் கருத்து. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அவ்வளவு நாளும் பஞ்சாரத்தை விட்டு அதனை வெளியே விடக் கூடாது. பெடைகள் முட்டையிடச் சேவலே தேவையில்லை என்பதைப் பலர் இன்னும் நம்புவதில்லை. குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைக்குத்தான் சேவல் வேண்டும். அதற்கும் எட்டுப் பத்துப் பெடைகளுக்கு ஒரு சேவல் போதும். ஐந்து பெடைகளுக்கு மூன்று சேவல் வைத்திருக்கும் கொல்லையில் அமைதி எவ்வாறு நிலவும்?

முரட்டுச் சேவலின் வித்தை அடைக்கு வைக்காதிருப்பது முக்கியம். அசீல் இனம் பல தலைமுறைகளாகச் சண்டைக் குணத்துக்கென்றே தேர்ந்து பெருக்கப்பட்டது. அக்குணம் குஞ்சுகளுக்கு இறங்கும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டாம். சண்டைக்கு வாங்குவோர் நல்ல விலை தருவார்கள் என்று சீற்றத்தைத் தூண்டி வளர்ப்போரும் உண்டு. பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். இறைச்சிக்கு விற்பதே நேரிய வழி.

நெசவாளர் தெருவில் இன்னொரு சங்கடம். காலையில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் வேளையில், சோற்றுக் கஞ்சியின் வாசனைக்குக் கோழிகள் வரும். அவற்றின் பின்னே சேவலும் வரும். விரட்டப் போனவர் மீது அது பாய, அவர் பாவின் மீது சாய, அறுந்த இழைகளைப் பிணைப்பதிலேயே முற்பகல் கழியும். பாவு ஆறும் வரையில் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து வைப்பதென்று தெருவாரே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

முள் குத்திய காயத்தைச் சிறிதென்று விடலாகாது. மண்ணிலும் எருவிலும் திரியும் காலின் முள் அது. ஆழத்தில் அழுக்கைச் செலுத்திவிடும். சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கைவைத்தியம் எதுவும் செய்யாமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாற்றுச் சேவல் வாங்குவோர் தம் பெடைகளின் உடன்பிறப்பை விடுத்து, வேறோர் அங்கத்தினரின் கொல்லையிலிருந்து வாங்குவது நலம். வாங்குமுன் அந்தக் கொல்லைக்குள் தாமே நடந்து சென்று, சேவல் விலகுகிறதா எதிரே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கொண்டுவந்ததை உடனே கூட்டத்தில் கலக்காமல், நோய் ஏதுமில்லை என்று தெரியும் வரை சில வாரம் தனியே வைத்து, பின்பு ஒரு மாலை கோழிகள் அடையும் நேரத்தில் உள்ளே விட வேண்டும்.