நிலாவாரையும் நான்கு லிட்டர் கரைசலும்

விளக்கெண்ணெயும் நிலாவாரையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைப்பவர்கள், குடித்தபின் கழிப்பறைக்கு ஓடும் நேரத்தைக் கவனித்தால் போதும். விளக்கெண்ணெய் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். சிறுகுடல் நொதிகள் அதை உடைக்க, வெளிப்படும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையை முடுக்கும். நிலாவாரை பொறுமைசாலி. அதிலுள்ள சென்னோசைடுகள் சிறுகுடலைச் சும்மா கடந்துபோய், பெருங்குடல் பாக்டீரியாக்கள் கைவைத்த பிறகே மருந்தாகின்றன. இரவில் சாப்பிட்டால் விடியலில் பலன் என்பது அதனால்தான். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் விளையும் இந்த இலைக்கு உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர்.

இரண்டும் குடலை விரட்டுமே தவிர, முழுதாகக் கழுவுவதில்லை. கழுவ வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவது பெருங்குடலை உள்நோக்கும் கொலோனோஸ்கோப்பிக்கு முன்புதான். அப்போது தரும் பொடியில் பெரும்பாலும் இருப்பது பாலிஎதிலீன் கிளைக்கால். குடலால் உறிஞ்ச முடியாத பெரிய மூலக்கூறு. தண்ணீரையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். உப்புகளையும் அளவாகச் சேர்த்திருப்பதால், இரண்டு முதல் நான்கு லிட்டர் குடித்தாலும் உடலின் உப்புச் சமநிலை பெரிதாகக் கலையாது. முந்தைய மாலை பாதி, பரிசோதனை நாளன்று பாதி என்று பிரித்துக் குடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: இடைவெளி நீண்டால் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கிப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் மறுபடி படிந்துவிடும், சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பும். கடைசியில் இளமஞ்சள் நீராகப் போனால்தான் டாக்டருக்குத் திருப்தி. அந்தக் கரைசலை யாரும் ரசித்துக் குடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

எனிமா கீழிருந்து போவது. எட்டுவதெல்லாம் மலக்குடலும் அதை ஒட்டிய பெருங்குடலின் இடப்பகுதியும்தான்.

'நச்சு நீக்கம்' என்று விளம்பரப்படுத்தப்படும் கொலோன் ஹைட்ரோதெரபியில் குழாய் வழியே லிட்டர் கணக்கில் வெதுவெதுப்பான நீரைச் செலுத்தி வெளியேற்றுகிறார்கள். ஆண்டுக்கணக்காகக் குடல் சுவரில் அழுக்கு ஒட்டியிருக்கிறதாம். குடலின் உட்பூச்சுச் செல்களோ சில நாட்களிலேயே உதிர்ந்து புதிதாக வளர்பவை, எதன்மீது ஒட்டுவது? சிறுநீரகம், இதயம் பழுதானவர்களுக்கு உப்புச் சமநிலை குலையும் ஆபத்தும், அரிதாகக் குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் இதில் உண்டு.

மலம் தேங்கினால் நஞ்சு இரத்தத்தில் கலக்கும் என்ற நம்பிக்கையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அறுவை நிபுணர் ஆர்பத்நாட் லேன் பலரது பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்த நம்பிக்கையைச் சோதிக்க, 1920களில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. நலமாக இருந்தவர்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்தார்கள். மலச்சிக்கல்காரர்கள் சொல்லும் அதே தலைவலியும் சோர்வும் வந்தன. பஞ்சில் நஞ்சு ஏது? அதை எடுத்ததும் தலைவலி போய்விட்டது.